என்எஃப்டியை ஸ்டேக் செய்தால் செயினுக்கு என்ன பாதுகாப்பு? டோக்கன், நோட், கொழும்புக் கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு இழை

தெஹிவளைத்_தம்பி
விசயம் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோ. ஒரு கேம் செயினின்ட (விளையாட்டுக்கான பிளொக்செயின்) என்எஃப்டி, அதாவது ஒவ்வொன்றும் தனி இலக்கமுள்ள டிஜிட்டல் சொத்து, கையில இருக்கு. “ஸ்டேக் செய்து நெட்வேர்க்கின் பாதுகாப்புக்கு உதவுங்கள்” எண்டு அவங்கட தளத்தில போட்டிருக்கு, நாளாந்தம் டோக்கனும் தருவாங்களாம். அதோட கொஞ்சம் அட்டொம் (கொஸ்மொஸின்ட நாணயம்), கொஞ்சம் சோல் (சொலானாவின்ட), 3 ஈத் (எதீரியத்தின்ட). எதை எங்க போட்டால் உண்மையாவே செயினுக்குப் பாதுகாப்பு, எது சும்மா பெயர்? நாலு பேர் சேர்ந்து எதீரியம் கேட்கிற 32 ஈத் ஆக்கி வீட்டிலேயே நோட் (செயினை ஓட்டுற கணினி) ஓட்டலாமா எண்டும் ஒரு கதை போகுது.

கடலோர_நோட்
தம்பி, முதல்ல அந்தத் தளத்திட்ட ஒரு கேள்வி கேளுங்கோ: நான் பிழை விட்டால் எதை வெட்டுவீங்கள்? பதில் இல்லையெண்டால் அது பாதுகாப்பில்லை, லொக்கர்.

ஸ்டேக்கிங் எண்டால் பிணை வைக்கிறது. எதீரியத்தில ஒரு வேலிடேட்டர், அதாவது பிணை வச்சுப் பிளொக்கைச் சரிபார்க்கிற ஆள், ஒரே ஸ்லொட்டுக்கு (ஒரு பிளொக்குக்கான நேரத் துண்டு) இரண்டு பிளொக் போட்டால், ஒரே இலக்குக்கு இரண்டு விதமா வாக்குப் போட்டால், இல்லாட்டி தான் முன்னம் போட்ட வாக்கைச் சுற்றி வளைக்கிற மாதிரி இன்னொரு வாக்குப் போட்டால், அந்த இரண்டு கையொப்பத்தையும் ஆராவது செயினுக்குக் காட்டினாலே போதும். நீதவான் தேவையில்லை. பிணை வெட்டுப்படும், ஆளை வெளியில தள்ளும். பிணை, பிழைக்கான ஆதாரம், தானா விழுகிற தண்டனை. இந்த மூன்றும் இருந்தாத்தான் “செக்யூர்” எண்ட சொல்லுக்குப் பொருள்.

உங்கட என்எஃப்டியைக் கொன்ட்ராக்டில (செயினில தானா ஓடுற புரோகிராம்) போட்டால் இதில எது நடக்குது? அனேகமா ஒன்றுமில்லை. சந்தையில விற்பனைக்கு நிற்கிற எண்ணிக்கை குறையும், விலை கொஞ்சம் தாங்கும். அதுக்குக் கூலியா புதுசா அச்சடிச்ச டோக்கன் தருவாங்கள். பிளொக் தயாரிக்கிறது வேற ஆக்கள்.

மருதானை_நானா
கடலோர அண்ணை சொல்றது பாதி சரி. எல்லா என்எஃப்டியையும் ஒரே சாக்கில கட்டக்கூடாது. நோட் லைசன்ஸ் என்எஃப்டி எண்டு ஒரு வகை இரிக்கு. சாய் செயினோட சென்ட்ரி கீயைப் பாருங்க. ஆர்பிட்ரமுக்கு மேல ஓடுற ரோல்அப் செயின் அது, அதாவது கணக்கைத் தான் முடிச்சு முடிவைக் கீழ்ச் செயினுக்கு அறிவிக்கிற வகை. அங்க ரோல்அப் வெளியிடுற நிலைக் கூற்று சரியா பிழையா எண்டு சென்ட்ரி நோட்டுகள் சரிபார்க்கும், பொருந்தாட்டி எச்சரிக்கை எழுப்பும். அந்த வேலைக்கான உரிமச் சீட்டுத்தான் என்எஃப்டி. அதைப் பூலில (பல பேர் சேர்ற கூட்டு) போடலாம், கூடவே எஸ்சாய் (உடனே விக்கேலாத சாய்) டோக்கனையும் ஸ்டேக் பண்ணினாப் பங்கு கூடும். இங்க ஒரு வேலை நடக்குது, சும்மா பூட்டு இல்லை.

தம்பி அந்தப் பக்கம் போறதெண்டா ஒன்று கவனி. வெகுமதி எஸ்சாயாத்தான் வரும். அதை முழுசா சாயா மாத்த 180 நாள் காக்கணும். அவசரப்பட்டா ஒரு பகுதி போயிரும். காட்டுற வருமான வீதத்தை அப்படியே நம்பிக் கணக்குப் போடாத.

கடலோர_நோட்
சரி நானா, அது கண்காணிப்பு வேலை, ஏற்றுக்கொள்றன். ஆனா காவல்காரன் நித்திரையானால் அவனுக்கு வெகுமதி கிடைக்காது, அவ்வளவுதான். கீ வெட்டுப்படாது. அப்ப அது கூலி வேலை, பிணை இல்லை. இரண்டுக்கும் பெறுமதி இருக்கு, ஆனா இரண்டும் ஒன்றில்லை.

நடுவில ஒரு வடிவமும் இருக்கு: ஃபோர்ட்டா எண்ட கண்காணிப்பு நெட்வேர்க். அங்க நோட் பூல் என்எஃப்டியாப் பதிவாகும். அது அடையாள அட்டை மாதிரி. உண்மையான பிணை, அந்தப் பூலின் மேல ஸ்டேக் செய்யிற ஃபோர்ட் டோக்கன். வெட்டு விழுகிறதும் டோக்கனிலதான். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். என்எஃப்டி ஆர் எண்டு சொல்லும், டோக்கன் எவ்வளவு எண்டு சொல்லும்.

கணக்கக்கா
ஏன் என்எஃப்டியை நேரடியாகப் பிணையாக வைக்க முடியாது என்பதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். பின்னால் எல்லாவற்றுக்கும் இது உதவும்.

வாக்கின் எடை ஸ்டேக்கைப் பொறுத்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையில் வைத்திருப்பவர் ஒத்துழைக்க மறுத்தால் இறுதிப்படுத்தல் (பிளொக்கை இனி மாற்ற முடியாதபடி உறுதிசெய்வது) நின்றுவிடும். மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கலாம். ஒரு ஈத் இன்னொரு ஈத்துக்குச் சமம், ஆகவே கூட்டிக் கழிக்கலாம். என்எஃப்டியில் 17ஆம் இலக்கமும் 8204ஆம் இலக்கமும் ஒரே விலையா? இரண்டுக்கும் ஒரே வாக்கு என்றால், தாக்க வருபவர் ஆக மலிவானதைத்தான் பொறுக்குவார்.

உதாரணத்துக்கு 10,000 துண்டுகள், ஆகக் குறைந்த விலை 0.05 ஈத் என்று வைப்போம். மூன்றில் ஒரு பங்கு 3,334 துண்டு, கிட்டத்தட்ட 167 ஈத். வாங்க வாங்க விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் தாக்குபவர் வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை. மின்ட் நாளிலேயே (என்எஃப்டி முதலில் வெளியிடப்படும் நாள்) நூறு வொலெட்டால் சேர்த்து வைத்திருந்தால் அவருக்கு அந்த விலையும் இல்லை.

இன்னொன்று, ஈத்தில் 1/4096ஐ வெட்டலாம், என்எஃப்டியில் 1/4096ஐ எப்படி வெட்டுவது? முழுசாக எரிக்கலாம், அல்லது விட்டுவிடலாம். ஐந்து நிமிடம் ஒஃப்லைனில் இருந்ததற்கும் இரட்டைக் கையொப்பத்துக்கும் ஒரே தண்டனை என்றால் யாரும் நோட் ஓட்ட மாட்டார்கள். அதனால்தான் நடைமுறையில் என்எஃப்டி மூன்று வேலைக்குத்தான் வருகிறது: நோட் உரிமம், டோக்கன் ஸ்டேக்குக்கான வெகுமதிப் பெருக்கி, வைப்பின் ரசீது. ரசீது வகைக்கு நல்ல உதாரணம் லிடோ, மற்றவர்களுக்காக ஈத்தை ஸ்டேக் செய்து “ஸ்டேக்ட் ஈத்” என்ற டோக்கன் தரும் சேவை. ஸ்டேக்ட் ஈத்தை மீளப் பெற விண்ணப்பித்தால் வரிசை இலக்கம்போல ஒரு என்எஃப்டி கிடைக்கும். அது யார் வொலெட்டில் இருக்கிறதோ அவருக்குத்தான் காசு. அதைப் “படம்” என்று நினைத்து யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

தெஹிவளைத்_தம்பி
கணக்கக்கா, அது நல்லா விளங்கிச்சு. இப்ப என்ட கேஸ். தளத்தில “ஸ்டேக்” பட்டனை அமத்த வொலெட்டில முதல் வந்தது “செட் அப்ரூவல் ஃபோர் ஓல்” எண்டு ஒரு அனுமதி. அதைக் குடுத்தாச்சு. இரண்டாவது கையொப்பம் கேட்க நிப்பாட்டிட்டன். முதலாவது ஆபத்தா?

மருதானை_நானா
ஆபத்தா இல்லையா எண்டு அனுமதியின்ட பெயரை வச்சுச் சொல்லேலாது. நேர்மையான ஸ்டேக்கிங் கொன்ட்ராக்டும் இதைத்தான் கேக்கும், கள்ளனும் இதைத்தான் கேப்பான். இதுக்கு அர்த்தம்: அந்தத் தொகுப்பில உன்ட வொலெட்டில இரிக்கிற எல்லாத் துண்டையும், இனி வாங்கப் போறதையும் சேத்து, அந்த முகவரி எடுத்துப் போகலாம். ஒரு துண்டுக்கு மட்டும் அனுமதி குடுக்க “அப்ரூவ்” எண்டு தனியா இரிக்கு, ஆனா தளங்கள் சுருக்கு வழியா எல்லாத்துக்கும் கேக்கும்.

இப்ப செய்ய வேண்டியது. வொலெட்டின்ட நடவடிக்கைப் பட்டியல்ல அந்தப் பரிவர்த்தனையைத் திற. “ஒப்பரேட்டர்” எண்டு ஒரு முகவரி தெரியும். அதை எக்ஸ்ப்ளோரர்ல (செயின் பதிவுகளைக் காட்டுற தளம்) போடு. கொன்ட்ராக்ட் பக்கத்தில பச்சை டிக் இரிக்கா, அதாவது மூலக்குறியீடு வெரிஃபை பண்ணியிரிக்கா? முகவரியில கொன்ட்ராக்டே இல்லை, வெறும் வொலெட்தான் எண்டா வேற ஒன்றும் பாக்க வேணாம், உடனே அனுமதியை ரத்துப் பண்ணு.

வெரிஃபைட் எண்டா “ரீட் கொன்ட்ராக்ட்” பக்கத்துக்குப் போ. ஓனர் ஆரு, போஸ்ட் (paused, அதாவது நிறுத்தி வச்சிருக்கு) எண்டது உண்மையா பொய்யா, லொக் முடியிற நேரம் எவ்வளவு. லொக் நேரம் 17லயோ 18லயோ தொடங்கிற பத்து இலக்க எண்ணா இரிக்கும், யுனிக்ஸ் நேரம் (1970 தொடக்கம் எண்ணின செக்கன்). மாத்திப் பாக்கிற போது அது யூடிசி (உலகப் பொது நேரம்), நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டணும். பிறகு “ரைட்” பக்கத்தில வித்ட்ரோ இல்லாட்டி அன்ஸ்டேக் எண்ட ஃபங்ஷனின்ட குறியீட்டைத் தேடு. பக்கத்தில “வென் நொட் போஸ்ட்” எண்டு இரிந்தா, ஓனர் ஒரு பட்டனை அமத்தினாலே உன்ட சாமான் உள்ளுக்குள்ளேயே நிக்கும். “எமேர்ஜென்ஸி வித்ட்ரோ” இரிக்கா, அதை ஆரு கூப்பிடலாம், ஸ்டேக் பண்ணினவனா ஓனரா? ஓனர் மட்டும் எண்டா அது உனக்கான அவசர வாசல் இல்லை.

அது புரொக்ஸியா எண்டும் பாரு. புரொக்ஸி எண்டா நீ இண்டைக்கு வாசிச்ச குறியீட்டை நாளைக்கு மாத்தலாம்.

இரவுச்சேவை
முக்கியமான ஒன்று. ஸ்டேக்கிங் கொன்ட்ராக்டின் முகவரிக்கு வொலெட்டிலிருந்து கையால என்எஃப்டியை அனுப்ப வேண்டாம். “ஸ்டேக்” ஃபங்ஷன் வழியாப் போனால்தான் ஆர் வச்சது எண்டு கொன்ட்ராக்ட் பதியும். நேராத் தள்ளினால் சொந்தக்காரராக் கொன்ட்ராக்ட் தெரியும், உங்கட பெயர் எங்கேயும் இராது, எடுக்க வழியில்லை. சேஃப் ட்ரான்ஸ்ஃபர் எண்டால் பெறுற கொன்ட்ராக்டுக்கு ஏற்கிற வசதி இல்லாதபோது திரும்பிடும். சாதாரண ட்ரான்ஸ்ஃபர் அதைக்கூடப் பார்க்காது.

கடலோர_நோட்
என்எஃப்டி ஒருபக்கம் கிடக்கட்டும். தம்பியிட்ட இருக்கிற அட்டொம்தான் உண்மையாவே வேலை செய்யக்கூடிய பிணை, அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

கொஸ்மொஸ் ஹப்பில (அட்டொமின்ட செயின்) நீங்கள் டெலிகேட் செய்யிற, அதாவது உங்கட ஸ்டேக்கை ஒப்படைக்கிற, வேலிடேட்டர் இரட்டைக் கையொப்பம் போட்டால் 5% வெட்டு. உங்கட பங்கிலயும் 5%. அந்த வேலிடேட்டர் நிரந்தரமா வெளியில, திரும்ப வரேலாது. ஒஃப்லைனில கிடந்தால் 0.01% வெட்டும் சிறையும் (தற்காலிகமா வெளியில). சிறையில இருக்கும் மட்டும் உங்களுக்கும் வெகுமதி இல்லை. ஆகவே ஆரிட்டக் குடுக்கிறது எண்டது வட்டி வீதத்தை விட முக்கியம்.

தெரிவு செய்யிற நேரம் கொமிஷனை (வெகுமதியில வேலிடேட்டர் எடுக்கிற பங்கு) மட்டும் பார்க்காதேங்கோ. பக்கத்தில இன்னும் இரண்டு எண் இருக்கும்: உச்சக் கொமிஷன், ஒரு நாளில கூட்டக்கூடிய அளவு. இரண்டும் வேலிடேட்டரைப் பதியிற அன்றே எழுதினது, பிறகு மாத்தேலாது. கொஸ்மொஸ் வகைச் சின்னச் செயின்களில 0% எண்டு போட்டு, உச்சம் 100%, நாளாந்த ஏற்றம் 100% எண்டு வச்சிருந்தால், அது நாளைக்கே உங்கட வெகுமதி முழுக்க எடுக்கிறதுக்கு விட்ட வாசல். எக்ஸ்சேஞ்சின் வேலிடேட்டருக்கும் குடுக்காதேங்கோ, பட்டியலின் உச்சியில இருக்கிறவைக்கும் குடுக்காதேங்கோ. முதல் பத்துப் பேரிட்டக் குவியக் குவியச் செயினுக்குப் பாதுகாப்புக் குறையும்.

எடுக்க 21 நாள். அந்த 21 நாளும் வெகுமதி இல்லை, ஆனால் பழைய குற்றம் வெளிவந்தால் வெட்டு மட்டும் விழும். ஒரு வேலிடேட்டரிட்ட இருந்து இன்னொருத்தருக்கு உடனே மாத்தலாம். ஆனா மாத்தினதைத் திரும்ப மூன்றாம் ஆளுக்கு மாத்த 21 நாள் நிற்கவேணும். எல்லாத்தையும் போட்டிடாமல் கட்டணத்துக்குக் கொஞ்சம் அட்டொம் வெளியில விடுங்கோ. இல்லையெண்டால் எடுக்கிறதுக்கே கட்டணம் இல்லாமல் நிற்பீங்கள்.

கணக்கக்கா
சோலுக்கு நான் சொல்கிறேன், அங்கே நடைமுறை வேறு.

சொலானாவில் ஒவ்வொரு ஸ்டேக்குக்கும் தனி ஸ்டேக் கணக்குத் திறக்கும். ஒரு கணக்கு ஒரு வேலிடேட்டருக்கு மட்டுமே. கணக்கை உயிரோடு வைத்திருக்கச் சிறு தொகை, சுமார் 0.00228 சோல், அதற்குள் இருக்க வேண்டும். கணக்கை மூடும்போது அது திரும்பி வரும். இன்று டெலிகேட் செய்தால் அடுத்த எபொக்கில்தான் செயல்படும். எபொக் என்பது 4,32,000 ஸ்லொட், ஸ்லொட் 0.4 செக்கன் என்றால் 48 மணித்தியாலம். எடுக்கும்போதும் எபொக் முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே எடுக்க நினைப்பவர் எபொக் முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது பட்டனை அழுத்தினால் அன்றே கிடைக்கும். எபொக் தொடங்கியவுடன் அழுத்தினால் இரண்டு நாள். இதைப் பார்க்காமல் செய்பவர்கள்தான் “காசு மாட்டிக்கொண்டது” என்று பதறுவார்கள்.

ஒவ்வொரு ஸ்டேக் கணக்குக்கும் இரண்டு அதிகாரம் உண்டு. ஸ்டேக் அதிகாரம் வேலிடேட்டரை மாற்றலாம். எடுக்கும் அதிகாரம் காசையே எடுக்கலாம். வேலிடேட்டருக்கு இரண்டில் எதுவும் தேவையில்லை. ஏதாவது தளம் “அதிகாரத்தை மாற்ற” கையொப்பம் கேட்டால் அது சாதாரண ஸ்டேக்கிங் இல்லை, திருட்டாக இருக்கலாம். கடலோர அண்ணையின் முதல் கேள்விக்கும் இங்கே நேர்மையான பதில் சொல்ல வேண்டும்: சொலானாவில் தானாக விழும் வெட்டு இல்லை. வேலிடேட்டர் தூங்கினால் வெகுமதி போகும், முதல் போகாது. அப்படியென்றால் அதுவும் பிணை இல்லையா, அண்ணை?

கடலோர_நோட்
பிடிச்சிட்டீங்கள் அக்கா. பிணைதான், ஆனா வெட்டுற கத்தி இன்னும் உறையிலதான் கிடக்குது. ஒரு பெரிய தாக்குதல் நடந்தால் ஆக்கள் கூடித் தீர்மானிச்சு வெட்டவேணும். கார்டானோ எண்ட செயினில வெட்டே வடிவமைப்பில இல்லை, பூட்டும் இல்லை. டெலிகேட் செய்த ஏடாவை (அதின்ட நாணயம்) அடுத்த நிமிசம் செலவழிக்கலாம். பதிய 2 ஏடா வைப்பு மட்டும், அதுவும் விலகிற நேரம் திரும்பும். அங்க பாதுகாப்பு எண்டது பெரும்பான்மை ஸ்டேக்கை ஒருத்தன் வாங்கேலாது எண்ட நம்பிக்கையில நிற்குது. ஆக, வெட்டில்லாட்டிப் பாதுகாப்பே இல்லை எண்டு நான் தொடக்கத்தில சொன்னது கொஞ்சம் கூடிப்போச்சு. ஆனா அங்க டோக்கன் எடையாவது வாக்காகுது. தம்பியின்ட என்எஃப்டி வாக்காகவும் ஆகேல்லை.

தெஹிவளைத்_தம்பி
விளங்குது. இப்ப அந்த 32 ஈத் கதை. என்னென்ன வேணும், தெஹிவளையில கரண்ட் போனால் என்ன நடக்கும்?

மருதானை_நானா
சாமான் பெரிசா இல்லை. என்யூசி மாதிரி ஒரு மினி பிசி, 32 ஜிபி ரேம். 2 டெராபைட் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) இப்ப ஓடும், ஆனா வாங்கிறதெண்டா 4 டெராபைட்டே வாங்கு. யுனிட்டி பிளாசாவில கடைக்காரன் “இதுவும் அதேதான்” எண்டு மலிஞ்ச எஸ்எஸ்டி காட்டினா பெட்டியைத் திருப்பி கியூஎல்சியா டிஎல்சியா (உள்ள இரிக்கிற மெமரியின்ட வகை) பாரு. டிஎல்சி, டிரேம் உள்ளது வேணும். கியூஎல்சி முதல் சின்க்கிலேயே (செயின் பதிவை இறக்கிறது) மூச்சு வாங்கும், பிறகு வாக்கெல்லாம் ஒரு ஸ்லொட் பிந்தும்.

இரண்டு சொப்ட்வெயார் ஓடணும்: எக்ஸிகியூஷன் (பரிவர்த்தனையை இயக்குறது) ஒன்று, கொன்சென்சஸ் (வாக்கைக் கையாள்றது) ஒன்று. எல்லாரும் ஓட்டுறதையே ஓட்டாத. 2024 ஜனவரியில நெதர்மைண்ட் எண்ட எக்ஸிகியூஷன் சொப்ட்வெயார்ல பிழை வந்தப்போ அதை ஓட்டினவங்க ஒஃப்லைன் ஆனாங்க, செயின் தொடர்ந்து ஓடிச்சு. ஏனெண்டா அது சிறுபான்மை. அதே பிழை மூன்றில் இரண்டு பேர் ஓட்டுற ஒண்டில வந்தா, பிழையான செயினே இறுதியாயிரும். அதில வாக்குப் போட்டவங்க திரும்பி வர வழி இல்லாம ஈத் கரையும்.

கரண்ட் செலவு: 25 வோட் எண்டு வை. மாசத்துக்கு 18 யூனிட். யூனிட் கொஞ்சம்தான், ஆனா அது பில்லை அடுத்த படிக்குத் தூக்கி விட்டா மொத்தப் பில்லும் ஏறும். போன மாசப் பில்லைப் பார்த்து முடிவெடு.

கடலோர_நோட்
கரண்ட் போறது பெரிய விசயமில்லை. ஆக்கள் அதுக்குத்தான் பயப்படுவினம், உண்மையான ஆபத்து வேற.

2025 பெப்ரவரி 9இல பாணந்துறைக் கிரிட் உபநிலையத்தில குரங்கு ஒன்று மாட்டி நாடு முழுக்க இருட்டானது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்படி நாள் முழுக்க நின்றாலும் கணக்கைப் பாருங்கோ. ஒரு வாக்கில மூன்று பகுதி: சோர்ஸ், டார்கெட், ஹெட். வாக்குப் போடாட்டி முதல் இரண்டுக்கும் தண்டம், ஹெட்டுக்குத் தண்டமில்லை. எடைகள் 14, 26, 14. அதாவது வாக்கு வெகுமதியின் 54இல 40, முக்கால் பங்குக்குக் கிட்ட. ஒரு நாள் நின்றால் முக்கால் நாள் வருமானம் கையை விட்டுப் போகும், அடுத்த நாள் ஓடினால் சரியாகும். செயின் இறுதிப்படுத்தல் நிற்காத வரைக்கும் இவ்வளவுதான். வெட்டில்லை.

ஒரு 650 விஏ யூபிஎஸ் போதும். உள்ள 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பெட்டரி, 84 வோட் மணி. பாவிக்கக்கூடியது 50 எண்டு வையுங்கோ. பிசி 25, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 15, மொத்தம் 40 வோட்: ஒரு மணித்தியாலம் சொச்சம். ரவுட்டரை யூபிஎஸ்ஸில போட மறக்கிற ஆக்கள் நிறைய. பிசி மட்டும் உயிரோட நின்று என்ன? யூபிஎஸ்ஸில இருந்து யூஎஸ்பி வயர் குடுத்து, பெட்டரி 30% ஆகத் தானா ஒழுங்கா நிற்கிற மாதிரி வையுங்கோ. சடாரெண்டு நின்றால் டேட்டாபேஸ் பழுதாகும், பிறகு கரண்ட் வந்தும் மணிக்கணக்கா திரும்ப சின்க். பயோஸில “ஏசி வந்ததும் இயங்கு” எண்டதையும் போடுங்கோ. மரைன் டிரைவ் பக்கம் வீடு எண்டால் ஜன்னலடியில வைக்காதேங்கோ, உப்புக் காத்து ஃபேனையும் கனெக்டரையும் தின்னும்.

அடுத்தது இன்டர்நெட். வேகம் காணும், பக்கேஜின்ட ஜிபி அளவு காணாது. மாசத்தில ஒரு டெராபைட்டைத் தாண்டும். இணைப்பு சிஜிநட்டுக்கு (பல வீட்டுக்கு ஒரே பொது ஐபி குடுக்கிற முறை) பின்னால எண்டால் வெளியில இருந்து உங்களை ஒருத்தரும் தொடேலாது, பியர் (உங்களோட இணையிற மற்ற நோட்டுகள்) குறையும். பொது ஐபி கேட்டு வாங்கி ரவுட்டரில 30303, 9000 எண்ட போர்ட்டுகளைத் திறக்கவேணும். 8545ஐயும் 8551ஐயும் ஒருநாளும் வெளியில திறக்காதேங்கோ.

மருதானை_நானா
அதுக்குத்தான் நான் எப்பவும் சொல்றது, கண்டியில ஒரு பெக்கப் மெஷின் வச்சு, இங்க விழுந்தா அங்க தானா எழும்பட்டும்.

கடலோர_நோட்
நானா, அதைத்தான் செய்யக்கூடாது! வெட்டு வாங்கிறதுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. தெஹிவளையில இன்டர்நெட் மட்டும் போய், மெஷின் உயிரோட நிற்குது எண்டு வையுங்கோ. கண்டி எழும்பி வாக்குப் போடும். ஐந்து நிமிசத்தில தெஹிவளை திரும்ப வந்து அதே எபொக்குக்கு (எதீரியத்தில எபொக் 6.4 நிமிசம்தான்) வேற வாக்குப் போடும். ஒரே கீ (கையொப்பமிடுற இரகசிய எண்), இரண்டு கையொப்பம். முடிஞ்சுது.

2025 மே 7இன் பெக்ட்ரா எண்ட எதீரிய மேம்படுத்தலுக்குப் பிறகு முதல் வெட்டு 32 ஈத்துக்கு 0.0078 அளவுதான், முன்னம் 1 ஈத். ஆனா அதோட முடியாது. 8192 எபொக், கிட்டத்தட்ட 36 நாள், வெளியேறேலாமல் ஒவ்வொரு எபொக்குக்கும் வாக்குத் தவறின தண்டம் ஓடும். நடுவில, அதே காலத்தில வெட்டு வாங்கின ஆக்கள் எத்தனை எண்டு பார்த்து இன்னொரு தண்டமும் வரும்.

மெஷின் மாத்திறதெண்டால் ஒழுங்கு இதுதான். பழையதில வேலிடேட்டர் சேவையை நிப்பாட்டி, திரும்ப ஓடாத மாதிரி டிசேபிள் செய்யுங்கோ. ஸ்லாஷிங் (வெட்டு) பாதுகாப்புப் பதிவை, அதாவது முன்னம் போட்ட கையொப்பங்களின்ட பதிவை, ஜேஸன் பைலா எடுங்கோ. கீஸ்டோரை (கீ இருக்கிற பைல்) பழைய மெஷினில இருந்து அழியுங்கோ, வேற ஃபோல்டருக்கு மாத்தினது காணாது. எக்ஸ்ப்ளோரரில அந்த வேலிடேட்டர் தொடர்ந்து மூன்று எபொக் தவற விட்டது தெரியவேணும். ஒரு எபொக் 6.4 நிமிசம், ஆகவே இருபது நிமிசம் தேத்தண்ணி குடியுங்கோ. பிறகு புதிசில ஜேஸனைப் போட்டு, கீயைப் போட்டு, டொப்பல்கேங்கர் பாதுகாப்போட (அதே கீ வேற இடத்தில ஓடுதா எண்டு பார்க்கிறது) ஓட விடுங்கோ. அது முதல் இரண்டு மூன்று எபொக் பேசாமல் கேட்டு நிற்கும். ஆனா இரண்டு மெஷினும் ஒரே நேரம் எழும்பினால் இரண்டும் பேசாமல் நிற்கும், இரண்டும் ஒன்றாப் பேசத் தொடங்கும். அதை மட்டும் நம்பாதேங்கோ.

கணக்கக்கா
பெக்கப் ஆசை உள்ளவர்களுக்குச் சரியான வழி பகிர்ந்த வேலிடேட்டர். ஒபொல் போன்ற மென்பொருள்களில் நான்கு பேர் சேர்ந்து கீயை உருவாக்கும்போதே துண்டுகளாகத்தான் பிறக்கிறது. முழுக் கீ எவரிடமும் இல்லை. நான்கில் மூன்று பேர் கையொப்பமிட்டால் போதும், ஆகவே ஒரு வீட்டில் கரண்ட் போனாலும் வாக்கு போகும். ஏழு பேர் என்றால் ஐந்து போதும். தம்பி சொன்ன நான்கு பேர் கூட்டுக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

ஒரேயொரு நிபந்தனை. நான்கு பேரும் தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று ஒரே கடலோரத்தில், ஒரே இன்டர்நெட் நிறுவனத்தில் இருந்தால் மூன்று பேர் ஒன்றாக விழுவார்கள். பெப்ரவரி 9ஐப் போன்ற நாளுக்கு ஒருவர் நாட்டுக்கு வெளியே இருந்தாலும் காணாது, குறைந்தது மூன்று துண்டு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு நாளை ஏற்றுக்கொள்வதுதான் புத்தி என்பது என் அபிப்பிராயம்.

மீளப்பெறும் முகவரியை முதலிலேயே தீர்மானியுங்கள். ஒருமுறை பதிந்தால் மாற்ற முடியாது. ஒருவருடைய சொந்த வொலெட்டைப் போட்டால் மற்ற மூன்று பேரும் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் போலத்தான். பங்கு பிரிக்கும் கொன்ட்ராக்டோ கூட்டுக் கையொப்ப வொலெட்டோ இருக்க வேண்டும். வைப்புக் கொன்ட்ராக்டின் முகவரியைத் தேடுபொறியின் முதல் விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள். இரண்டு வேறு இடங்களில் ஒப்பிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

இரவுச்சேவை
ஈத் குறையுது, கார்டில வாங்கிப் போடலாம் எண்டு யோசிக்கிற ஆக்களுக்கு: 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த 2021இன் 3ஆம் இலக்கப் பணிப்புரைப்படி, டெபிட், கிரெடிட் கார்டை மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்குப் பாவிக்க அனுமதியில்லை. எந்த நிறுவனத்துக்கும் உரிமம் குடுக்கேல்லை எண்டும் மத்திய வங்கி பலமுறை சொல்லியிருக்கு. ஏதாவது பிழைத்தால் முறையிட ஒரு கவுண்டர் கிடையாது.

மருதானை_நானா
பெக்கப் விசயத்தில நான் தோத்தேன், பரவாயில்லை. 3 ஈத்தை மட்டும் வச்சுக்கொண்டு இரிக்கிறவங்களுக்கு லிக்விட் ஸ்டேக்கிங் (லிடோ மாதிரி, வைப்புக்குப் பதிலா விக்கக்கூடிய டோக்கன் தர்றது) எளிசு, ஆனா அதையும் ஆபத்தில்லாததா நினைக்காதீங்க. ஸ்டேக்ட் ஈத்தின்ட சந்தை விலை 2022 ஜூன்ல ஈத்தை விட ஐந்தாறு வீதம் இறங்கிச்சு. அப்ப மீளப்பெற வழியே இரிக்கல்ல, அது 2023 ஏப்ரல் 12ல நடந்த ஷாங்ஹாய் மேம்படுத்தலுக்குப் பிறகுதான் வந்தது. அந்த இறக்கத்தில கடன் வாங்கி அடுக்கு மேல அடுக்கா ஸ்டேக் பண்ணினவங்கதான் மாட்டினது. சும்மா வச்சிருந்தவங்க இல்லை.

தெஹிவளைத்_தம்பி
நானா சொன்ன மாதிரிப் பார்த்தன். கொன்ட்ராக்ட் வெரிஃபைட். புரொக்ஸி. அன்ஸ்டேக்குக்குப் பக்கத்தில “வென் நொட் போஸ்ட்” இருக்கு. எமேர்ஜென்ஸி வித்ட்ரோவை ஓனர் மட்டும்தான் கூப்பிடலாம். வெட்டு எண்ட சொல்லே குறியீட்டில எங்கேயும் இல்லை, வேலிடேட்டர் பட்டியலோட தொடர்பும் இல்லை. அப்ப என்எஃப்டி வொலெட்டிலயே இருக்கட்டும். அட்டொமை மூன்று வேலிடேட்டருக்குப் பிரிக்கிறன். இரண்டாவது கையொப்பம் போடாதபடியால் இனிப் பிரச்சினை இல்லைதானே?

கடலோர_நோட்
இருக்கு தம்பி. முதல் அனுமதி இன்னும் உயிரோடதான் இருக்கு. தளத்தை மூடினாலும், வொலெட்டை “டிஸ்கனெக்ட்” செய்தாலும் போகாது, அது செயினில எழுதின அனுமதி. புரொக்ஸி எண்டபடியால் நாளைக்கு வேற குறியீடு ஏத்தினாலும் அதே முகவரிதான், அதே அனுமதிதான். என்எஃப்டித் தொகுப்பின்ட கொன்ட்ராக்டுக்குப் போய், ரைட் பக்கத்தில செட் அப்ரூவல் ஃபோர் ஓல், ஒப்பரேட்டர் இடத்தில அந்த ஸ்டேக்கிங் முகவரி, அடுத்த பெட்டியில ஃபோல்ஸ். அனுப்பின பிறகு ரீட் பக்கத்தில “இஸ் அப்ரூவ்ட் ஃபோர் ஓல்” எண்டதில உங்கட முகவரியையும் அவங்கட முகவரியையும் போட்டுப் பாருங்கோ, ஃபோல்ஸ் வரவேணும். அந்தச் செயினின் கட்டண டோக்கன் கொஞ்சம் வொலெட்டில இருக்கா எண்டு முதல்ல பாருங்கோ.

தெஹிவளைத்_தம்பி
ஃபோல்ஸ் வந்திட்டு அண்ணை.